வெள்ளிக்கு ஒரு வீடு



சிங்கப்பூர் சென்று வரும் நம்மவர்கள் சிராங்கூன் சாலை நகைக்கடைகளை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கே கொலுசாகத் தொங்கும் வெள்ளிக்கு ஜூரோங் தீவில் வேறொரு வேலை. ஏழு சிறு தீவுகளைக் கடல் தூர்த்து ஒன்றாக்கி, 2000ஆம் ஆண்டு அக்டோபரில் திறந்துவைத்த தொழில்தீவு அது. நம் பிள்ளைகளும் சிலர் அங்கே ஷிப்டு பார்க்கிறார்கள். என்ன வேலை என்று கேட்டால் "பிளாண்ட்" என்பதோடு சரி!

2009இல் ஷெல் நிறுவனம் அங்கே கிளைக்கால் ஆலையைத் தொடங்கியது. (2025இல் அது கைமாறிவிட்டது.) எத்திலீன் வாயுவும் ஆக்சிஜனும் வெள்ளியின்மேல் சந்தித்தால் எத்திலீன் ஆக்சைடு பிறக்கும். அதிலிருந்து கிளைக்கால், கிளைக்காலிலிருந்து நீங்கள் கட்டும் பாலியஸ்டர் சேலை. வெள்ளி கல்யாணத் தரகர் மாதிரி. இருவரையும் சேர்த்துவைத்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். இதற்குக் 'கிரியா ஊக்கி' என்று பெயர்.

ஆனால் வெள்ளியைக் கட்டியாகப் போட்டால் மேற்புறம் மட்டுமே உழைக்கும். உள்ளே இருப்பது சும்மா தூங்கும். ஆகவே பொடிப்பொடியாக ஒரு தாங்கு பொருளின்மேல் பரப்புகிறார்கள். அந்தப் பொருள் அலுமினா. மாணிக்கமும் நீலமும் எதனால் ஆனவையோ, அதே சரக்குதான்!

அலுமினாவில் பல வகை உண்டு. காமா வகையில் நுண்துளைகள் ஏராளம். ஒரு கிராமுக்குள் நூறு சதுர மீட்டருக்கு மேல் பரப்பு. ஆல்பா வகையிலோ ஒன்றிரண்டு சதுர மீட்டர்தான். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? பரப்பு கூடியதைத்தானே? அங்கேதான் சூட்சுமம். காமாவின் சந்துபொந்துகளில் பிறந்த எத்திலீன் ஆக்சைடு வெளியே வர வழியின்றி மாட்டிக்கொண்டு, எரிந்து கரியமில வாயுவாகிவிடும். சரக்கு நஷ்டம் ஒருபுறம். அப்படி முழுக்க எரியும்போது எழும் வெப்பம், முறையான வினையைவிடப் பத்து மடங்குக்கும் மேல். எத்திலீன் ஆக்சைடோ நச்சு, வெடிக்கவும் கூடியது. உள்ளே வேலை செய்வது யார் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துப் பாருங்கள். அதனால் அகன்ற துளையுள்ள ஆல்பாவுக்கே மவுசு.

ஆல்பா பொருத்தமான வீடுதான். ஆனாலும் வெள்ளி அங்கே நிரந்தரமாக அடங்கியிருப்பதில்லை. இருநூறு டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் துளிகள் மெல்ல நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பருக்கும், வேலை குறையும். ஈடுகட்டச் சூட்டை ஏற்றுவார்கள், துளிகள் இன்னும் பருக்கும். சில ஆண்டுகளில் மொத்தத்தையும் மாற்றியாக வேண்டும். பழசை யாரும் எறிவதில்லை. வெள்ளியல்லவா? பிரித்தெடுத்து மறுபடி உபயோகிக்கிறார்கள்.