கல் பொறுக்குதலும் கல் வாசித்தலும்

உயிர்ச்சுவடு தேடி மாணவர் மேற்கொள்ளும் ஒருநாட் பயணத்தை வெறும் உல்லாசப் பயணமென்று எள்ளுவோர் உளர். அதற்கு மறுதலையாக, பை நிறையக் கல்லுடன் திரும்பினால் அறிவியல் வளர்ந்துவிட்டதென மகிழ்வோரும் உளர். இவ்விரு சாராரும் இழைக்கும் தவறு ஒன்றே. உயிர்ச்சுவட்டின் பெறுமதி கல்லில் உள்ளதென்று இருவரும் கருதுகின்றனர். உண்மையில் அது கல் கிடந்த இடத்தில் உள்ளது.

ஐக்கிய அமெரிக்காவின் பஃபலோ நகருக்குத் தெற்கே, ஈரி ஏரியின் கரையோரமாக நிற்கும் செங்குத்துப் பாறைகள் இதற்குச் சான்று. தெவோனியன் காலக் கடலடியிற் படிந்த சேறு இறுகி உருவான அவற்றின் வயது ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகள். சாம்பல் நிறப் படைகளிலே கொம்பு வடிவ முருகைகளும், சிப்பியை ஒத்த ஈரோட்டு உயிர்களும், திரைலோபைற்றுகளும் மலிந்துள்ளன. அவற்றின் மேலே காணப்படும் கரும்படைகளிலோ உயிர்ச்சுவடுகள் அரிது. கல் பொறுக்க வந்தவர் கரும்படைகளைப் பாராது கடந்து செல்வர். கல் வாசிக்க வந்தவர் அங்கேதான் நிற்பர். கடலடி நீரில் ஒட்சிசன் குன்றியமையால் உயிர்கள் அருகின என்னும் செய்தியை அவ்வெறுமையே உரைக்கின்றது. வெறுமையைப் பையில் இட்டுக் கொணர இயலாது. குறிப்பேட்டிலேயே கொணர இயலும்.

நைல்ஸ் எல்ட்ரெட்ஜ் என்னும் ஆய்வாளர், நியூயோர்க் மாநிலத்திலும் அதன் மேற்கேயுள்ள மாநிலங்களிலும் கிடைத்த திரைலோபைற்று இனமொன்றின் கண்வில்லை நிரல்களை எண்ணினார். பழைய படைகளில் 18 ஆக இருந்த நிரல்கள், பிந்திய படைகளில் 17 ஆகவும் 15 ஆகவும் குறைந்திருந்தன. இடைப்பட்ட நெடுங்காலத்தில் அவ்வெண்ணிக்கை பெரிதும் மாறவில்லை. கூர்ப்பு எப்போதும் சீராக ஊர்ந்து செல்வதன்று என்று அவரும் ஸ்டீபன் ஜே கூல்டும் 1972 இல் முன்வைத்த கருத்துக்கு இதுவும் ஓர் ஆதாரமாயிற்று. எப்படையிலிருந்து எடுக்கப்பட்டதென்ற குறிப்பு இல்லாதிருந்தால் அக்கண்கள் யாவும் குருட்டுக் கண்களே.

அவ்வாறாயின் எதையும் தொடாது விடுவதே நன்றென்று சிலர் வாதிடலாம். அதுவும் பொருந்தாது. ஏரியின் அலை பாறையின் அடியை இடைவிடாது அரிக்கின்றது. உதிர்ந்து வீழ்ந்ததை மனிதர் எடுக்காவிடின் அலை அரைத்துவிடும். எடுப்பது குற்றமன்று, இடத்தைக் குறியாது எடுப்பதே குற்றம்.

பட்டமும் பதவியும் உடையோர்க்கே இது கைகூடும் என்பதும் பொய். இக்கரையின் படைகளையும் அவற்றின் உயிர்ச்சுவடுகளையும் 1898-99 இல் வெளிவந்த நூலில் விரிவாக வகைப்படுத்திய அமேடியஸ் கிராபோ, இளமையில் பஃபலோவிலே புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். கனிப்பொருளியலைத் தபால்மூலக் கல்வியாகக் கற்கத் தொடங்கியவர். அவர் 1920 இல் பீக்கிங் சென்று, 1946 இல் இறக்கும்வரை அங்கு வாழ்ந்து, சீனப் புவிச்சரிதவியலாளரின் ஒரு தலைமுறையைப் பயிற்றுவித்தார். ஈரிக் கரையின் கற்களை அவர் அம்மாணவர்க்குக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தம் மண்ணின் படைகளைத் தாமே வாசிக்கும் முறையே அவர்கட்குத் தேவைப்பட்டது.

இங்கும் தேவைப்படுவது அதுவே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் மயோசீன் காலக் கடலிற் படிந்த சுண்ணக்கல்லைக் குடைந்தே வெட்டப்பட்டன. அந்நீரைக் குடித்து வளர்ந்து, தெவோனியன் காலத்தைப் பரீட்சைத் தாளிற் பிழையற எழுதும் மாணவர், தம் வீட்டுக் கிணற்றுச் சுவரின் ஒரு படையையேனும் குறித்ததுண்டா? இல்லையாயின் குறை மாணவரிடம் மட்டுமன்று. விரிவுரைக் குறிப்பையே புவியெனக் கற்பிக்கும் முறையிலும் அது உண்டு.