களி இறங்கிய அடுப்பு

வேலூர் தொடங்கி வாணியம்பாடி வரை, பாலாற்றின் இரு கரையிலும், இரண்டு தலைமுறைகளுக்கு முன் உழைப்பாளர் இல்லங்களில் காலையில் கேழ்வரகுக் கூழும் இரவில் களியுமே உணவாயிருந்தன. 'கேவுரு' என அப்பகுதி மக்கள் மருவி வழங்கும் அச்சொல், நிறம் என்னும் பொருளுடைய 'கேழ்' என்பதன் அடியாகப் பிறந்த தூய தமிழ்ச்சொல். இன்றோ களிப்பானை அடுப்பை விட்டு இறங்கிவிட்டது. விடிந்ததும் ஆம்பூர்க் காலணி ஆலைக்கு விரையும் பெண்ணின் உணவுக் கலத்தில் பெரும்பாலும் இருப்பது வெள்ளரிசிச் சோறும் நீர்த்த குழம்புமே.

இம்மாற்றத்திற்கு உடல் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் துணையோடு நிகழ்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வளர்ந்தோருள் 14.4 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர். 2019-21ஆம் ஆண்டுகளின் நாட்டுக் குடும்பநல ஆய்வோ, 15 முதல் 49 அகவை வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உற்றோர் என்கிறது. வயிறு நிறைகிறது; குருதி வெளுக்கிறது. மாவுப்பொருள் மிகுந்து, இரும்பும் நாரும் பருப்பும் கீரையும் குறைந்த உணவால் இவ்விரண்டும் ஒரே வீட்டில் நேர்கின்றன.

அரிசி பகையன்று, அதனை வெளுக்கத் தீட்டுவதே பகை. தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் முடங்கியதையும், தவிடு நீங்கா அரிசி தின்றவை தேறியதையும் 1890களில் சாவகத் தீவில் எய்க்மன் என்னும் மருத்துவர் கண்டார். நெல்லைப் புழுக்கிக் குற்றும் தமிழர் பழக்கமோ, தவிட்டிலுள்ள தயமின் என்னும் ஊட்டத்தை அரிசிக்குள் செலுத்திக் காத்து வந்தது. கேழ்வரகின் சிறப்பு வேறு. அதன் 100 கிராமில் சுண்ணம் ஏறத்தாழ 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. நாரும் அரிசியினும் மும்மடங்குக்கு மேல்.

ஆயினும் கேழ்வரகை மருந்தென மயங்குதல் வேண்டா. நைய அரைத்து, 'ராகி மால்ட்' என்று அயற்பெயர் சூட்டி விற்கும் பொடியைச் சீனியிட்டுக் குடித்தால் குருதியில் சருக்கரை விரைந்தே ஏறும். களியாக, அளவறிந்து, கீரையோடும் கொள்ளுக் குழம்போடும் உண்பதே முறை. நெல்லியோ எலுமிச்சையோ உடன் சேரின் இரும்பு உடலில் ஏறும். உண்ட உடனே குடிக்கும் தேநீர் அதனைத் தடுக்கும். களியை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது பேதைமை.

களி இறங்கியது மக்கள் குற்றத்தால் மட்டுமா? தோல் ஆலைக் கழிவால் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாதாயிற்று என்னும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வை, 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இந்திய உச்ச முறைமன்றம் எடுத்துக் காட்டிற்று. நிலம் கெட்டது, கிணறு உவர்த்தது. 2011 முதல் பங்கீட்டுக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்க, வெளிக்கடையில் காசு கொடுத்துக் கேழ்வரகு வாங்க எந்த ஏழைக்கு மனம் வரும்? நாணம் வேறு. ஆடித் திங்களில் அம்மனுக்கு ஊற்றும் கூழை வரிசையில் நின்று வாங்குவோர், மறுநாள் தம் வீட்டில் அதனைக் காய்ச்சக் கூசுவது என்ன விந்தை!

நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2023இல் தொடங்கிற்று. அங்கு இயன்றது பாலாற்றங்கரைக்கு இயலாததன்று. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஒவ்வொரு பங்கீட்டுக் கடையிலும் கேழ்வரகு இருத்தல் வேண்டும். தோற்பொருளை அயல்நாடுகட்கு ஏற்றி ஈட்டும் ஆலை முதலாளியர், தம் உணவுக்கூடங்களில் கிழமைக்கு மூன்று நாளேனும் களியும் கீரையும் இடல் வேண்டும். தேநீர் இடைவேளையை உணவு வேளையிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதற்கு அவர்க்கு ஒரு காசும் செலவில்லை.