மழை நின்ற பிறகு

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைக் களத்தில் அவித்த நெல் காயும் வேளையிலே மழை வந்துவிட்டால் என்ன பாடு! ஆங்கில வாக்கியப் பயிற்சிக்கு அந்த மழையையே எடுத்துக்கொள்வோம்.

'ஆஃப்டர் த ரெயின்' என்பது வெறும் சொற்றொடர், அதில் வினையில்லை. 'த ரெயின் ஸ்டாப்ஸ்' என்பது தனி வாக்கியம். 'ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ஸ்' என்றாலோ, எழுவாயும் வினையும் இருந்தும், அது துணை வாக்கியமே. 'வீ ஸ்ப்ரெட் த பேடி' என்று முடித்தால்தான் பொருள் நிறையும்.

குழந்தைகள் பலர் அந்தத் துணை வாக்கியத்தோடு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். அதற்குக் காரணம் மந்தபுத்தியன்று; தாய்மொழிப் பழக்கமே. தமிழில் 'நின்றது' வினைமுற்று. 'நின்ற பிறகு' என்னும்போது வினையே எச்சமாக உருமாறித் தன் குறையைக் காட்டிவிடுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில் விளக்கிய எச்சம் இதுதான். ஆங்கிலத்திலோ 'ஸ்டாப்ஸ்' மாறுவதில்லை; முன்னே வந்த ஒரு சொல்லே அதைச் சார்ந்து நிற்கச் செய்கிறது.

ஆகவே, பெற்றோர்களே, விதிகளை உருப்போடச் சொல்லிப் பிள்ளைகளை வருத்த வேண்டாம். அந்த ஒரு சொல்லைச் சேர்த்தும் நீக்கியும் தினம் ஐந்து வாக்கியம் எழுதச் செய்யுங்கள். தமிழ் எச்சத்தை நன்கறிந்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணம் அச்சந் தராது என்பது நமது துணிபு.