மருமகள் உடைத்த குடம்

சென்ற வருஷம் அமெரிக்காவில் அக்கா பையன் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னை ஒரு விளையாட்டுக் கடைக்கு அழைத்துப் போனான். 'போரடிச்சா சொல்லுங்க மாமா, கிளம்பிடலாம்' என்று முன்ஜாமீன் வேறு வாங்கிக்கொண்டான். கடையின் பின்பக்கம் நீள மேஜை. ஆறேழு பேர், பாதிப் பேருக்கு நரைத்த தாடி. பேப்பர், பென்சில், இருபது முகப் பகடை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்!

தெரியாதவர்களுக்கு: இதில் போர்டு, காய் எதுவும் கட்டாயமில்லை. ஒருவர் கதைசொல்லி. 'குகைக்குள் நுழைகிறீர்கள், இடது பக்கம் ஏதோ உறுமுகிறது, என்ன செய்யப்போகிறீர்கள்?' என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன். அவரவர் செய்வதைச் சொல்ல, பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். வளர்ந்தவர்கள் கூடி உட்கார்ந்து ஒழுங்காகப் பொய் சொல்லும் விளையாட்டு. எனக்குப் பிடித்துப்போயிற்று.

அப்போது பதினேழு, பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து 'நானும் சேர்ந்துக்கலாமா?' என்றாள். டி.வி.யில் பார்த்து ஆசை வந்ததாம். ஒரு தாடி நிமிர்ந்து, 'தாக்கோன்னா என்ன, சொல்லு பார்ப்போம்' என்றது. மற்ற தாடிகள் சிரித்தன. அக்கா பையனும் சிரித்தான். முகம் சிவந்து, அலமாரியில் பொம்மைகளைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள்.

தாக்கோ என்பது எதிரியை அடிக்கப் பகடையில் எத்தனை விழவேண்டும் என்கிற பழைய கணக்கு. அதில் கவச எண் குறையக் குறையக் கவசத்துக்குப் பலம் ஜாஸ்தி. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் இது பிரதானம். 2000-ல் மூன்றாம் பதிப்பு தூக்கிக் கடாசிவிட்டது. அந்தப் பெண் பிறப்பதற்கு முன்னாலேயே செத்துப்போன சூத்திரத்தை வைத்து நுழைவுத் தேர்வு!

'எங்க காலத்துல இப்படியா?' என்கிறார்கள். எப்படி இருந்ததாம்? 1974-ல் விஸ்கான்சினில் லேக் ஜெனிவா என்கிற சின்ன ஊரிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் எழுதிய இந்த விளையாட்டு வெளிவந்தது. பெட்டிக்குள் மூன்று குட்டிப் புத்தகங்கள், பத்து டாலர், முதலில் போட்டது 1,000 பெட்டி. விதிகள் யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. சண்டைக்கு 'செயின்மெயில்' என்ற வேறொரு விதிப்புத்தகம் வேண்டும். காட்டுக்குள் போக வேறு கம்பெனி விற்ற 'அவுட்டோர் சர்வைவல்' போர்டு வேண்டும். ஊருக்கு ஊர் இஷ்டத்துக்கு மாற்றி ஆடினார்கள். அதுதான் அழகே. மாமியார் உடைத்தால் மண்குடம்; இன்றைக்கு ஒரு புதுப் பெண் விதியை மாற்றினால் மட்டும் அது பொன்குடம்.

இந்தக் குழப்பத்தைப் பார்த்து, ஆரம்பநிலைக்காரர்களுக்காகத் தெளிவாக எழுதித் தருகிறேன் என்று முன்வந்தவர் எரிக் ஹோம்ஸ். தொழில், நரம்பியல் பேராசிரியர்! அவருடைய பெட்டி 1977-ல் வந்தது. அதையே 1981-ல் டாம் மோல்ட்வே திருத்தி எழுத, 1983-ல் ஃப்ராங்க் மென்ட்சர் மறுபடி எழுதினார். பிரசித்தி பெற்ற சிவப்புப் பெட்டி. தனியாக உட்கார்ந்த சிறுவனும் படித்துக்கொண்டே ஆடக் கற்கலாம். பகடையில் எண்கள் தெரிய கிரேயானால் தேய்த்து நிரப்பவேண்டும், அந்த கிரேயானும் பெட்டிக்குள்ளேயே. இன்று தாடிகள் கண் கலங்க நினைத்துக்கொள்வது இந்தப் பெட்டிகளைத்தான். பழைய முறைக்குத் திரும்புவோம் என்று ஒரு இயக்கமே நடக்கிறது. அவர்களில் பலர் ஆசையாக மறுபதிப்பு செய்வது 1981 விதிகளை. அது யாருக்காக எழுதப்பட்டது ஐயா? ஒன்றுமே தெரியாமல் வந்த புதுப் பையன்களுக்காக. அதாவது, உங்களுக்காக.

அந்தப் பையன்கள் பட்டதும் கொஞ்சமில்லை. 1979-ல் ஒரு கல்லூரி மாணவன் காணாமல்போக, பழி இந்த விளையாட்டின் மேல் விழுந்தது. பிறகு பையன் கிடைத்தான், காரணமும் வேறு. ஆனாலும் 1982-ல் டாம் ஹாங்க்ஸை வைத்து, விளையாடிப் புத்தி பேதலிக்கிற மாதிரி ஒரு டி.வி. படமே எடுத்துவிட்டார்கள். சாத்தான் வழிபாடு என்று பிரசங்கம் வேறு. பள்ளிக்கூடத்தில் கேலி பேசப்பட்டு ஒதுங்கியவர்களுக்கு இந்த மேஜைதான் புகலிடம். அங்கே அடுத்த ஆள் வந்து நின்றால் கேலி பேசுகிறார்கள். நேற்றைய மருமகள்!

பழசின் பக்கமும் நியாயம் உண்டு. 1981 மந்திரவாதிக்கு நாலுமுகப் பகடையை உருட்டித்தான் உயிர் எண். ஒன்று விழுந்தால் முதல் அடியிலேயே பரலோகம். பயந்து பயந்து இருட்டில் நடக்கிற அந்த ருசி, விழுந்தவன் மூன்று முறை பகடையில் தப்பினால் பிழைக்கலாம் என்கிற 2014 பதிப்பில் குறைவுதான். 2015-ல் தொடங்கிய 'கிரிட்டிக்கல் ரோல்' நிகழ்ச்சியில் தொழில்முறைக் குரல் நடிகர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, மூலைக் கடைக் கதைசொல்லியும் அப்படியே ஏழு குரலில் பேசவேண்டும் என்று புதியவர்கள் எதிர்பார்ப்பதும் அநியாயம். மேஜையில் உட்கார்ந்து சண்டை போடுங்கள். வாசலில் வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. 2016-ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' வந்து எத்தனையோ பிள்ளைகளை இந்தப் பக்கம் திருப்பியது. கதை நடப்பது 1983-ல், தொடக்கத்திலேயே நான்கு சிறுவர்கள் இதை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தாடிகளின் பால்யம்தான் விளம்பரம். அதைப் பார்த்து வந்தவளைத்தான் துரத்தினார்கள்.

காரில் வரும்போது அக்கா பையனைக் கேட்டேன், 'நீ சேர்ந்தப்போ உன்கிட்டயும் கேட்டாங்களாடா?'

'கேட்டாங்க மாமா. முந்தின நாள் ராத்திரியே படிச்சு வெச்சிருந்தேன்.'

'எங்கே, இப்ப சொல்லு.'

கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினான். 'மறந்துபோச்சு' என்றான்.