பிரமனை விட்டுவிட்டு நம்மைப் பிடித்தார்கள்

நீ நினைப்பதுதான் உனக்கு நடக்கிறது. உன் வாழ்க்கையை உன் எண்ணமே படைக்கிறது. நல்லதை நினைத்தால் பிரபஞ்சம் நல்லதை அனுப்பிவைக்கும். இந்த உபதேசம் கைபேசி வழியாக லயத்துக் காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்து சில வருடங்கள் ஆகின்றன. பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சு. டியூஷன் வாத்தியார் சொல்கிறார். ஜெபக்கூட்டத்துப் போதகர் வேறு வார்த்தையில் அதையே சொல்கிறார். காப்புறுதி விற்க வருகிற தம்பியும் சொல்கிறான். மறுத்துப் பேசினால் 'நெகட்டிவ் ஆள்' என்று பட்டம் கிடைக்கும். அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டே எழுதுகிறேன்: இது பொய். பொய் என்பதோடு போனாலும் பரவாயில்லை, ஏழையின் தலையில் பழியைத் தூக்கி வைக்கிற பொய்.

இரத்தினபுரி மாவட்டத்தில் இதைச் சோதித்துப் பார்க்கத் தனி ஆய்வுகூடம் தேவையில்லை, மாணிக்கக் குழி ஒன்று போதும். குழிக்குள் இறங்குகிறவனைப்போல ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிற மனிதன் உலகத்தில் எங்கே இருக்கிறான்? பக்கச்சுவர் சரியாமல் மரம் கட்டி, பம்ப் வைத்துத் தண்ணீர் இறைத்து, அடியில் கிடக்கிற 'இல்லம்' என்கிற கல்மண்ணை மேலே ஏற்றி, கூடையில் போட்டு அலசுவார்கள். கூடை சுழலும்போது சுற்றி நிற்கிற அத்தனை பேரின் கண்ணும் அதன் அடியில் இருக்கும். யாரும் மூச்சுக்கூட விடமாட்டார்கள். சுயமுன்னேற்றப் புத்தகங்கள் கேட்கிற ஒருமுகச் சிந்தனை இதுதானே? கல்லை விற்று என்ன வாங்குவது, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று கனவிலும் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் அவர்கள். நினைப்பு கல்லை இழுத்து வருமென்றால் இந்த மாவட்டத்தில் ஓட்டை வீடே இருக்கக்கூடாது. கல் கிடைத்தாலும் காணிக்காரனுக்கு ஒரு பங்கு, பணம் போட்டவனுக்கு ஒரு பங்கு, பம்ப்காரனுக்கு ஒரு பங்கு என்று போய், வெட்டினவர்கள் கைக்கு வருவது மிச்சம். கல் கிடைத்தவன் கதை பஸ்ஸில், தேநீர்க்கடையில் எல்லாம் ஓடுகிறது. வெறுங்கூடையோடு வருடக்கணக்கில் இருந்தவன் கதையை யாரும் வீடியோ போடுவதில்லை. மனம் நினைத்தால் நடக்கும் என்பதற்குச் சாட்சியாக மேடையேறுகிற எல்லாருமே கல் கிடைத்தவர்கள்தான்.

இது நம்மூர்ச் சரக்கும் அல்ல. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பினியாஸ் குயிம்பி என்ற கடிகாரத் தொழிலாளி, நோய் என்பது தவறான நம்பிக்கையால் வருவது என்று சொல்லி வைத்தியம் பார்த்தார். 1910இல் வாலஸ் வாட்டில்ஸ் அதைப் பணக்காரனாகும் விஞ்ஞானமாக்கிப் புத்தகம் எழுதினார். அதைப் படித்துத்தான் ரோண்டா பைர்னுக்கு 'த சீக்ரட்' தோன்றியது. 2006இல் படமாகவும் புத்தகமாகவும் வந்து உலகமெல்லாம் விற்றது. ஏராளமானோர் ஒரே நேரத்தில் மாண்டுபோகிற பேரழிவுகளுக்கும் அதில் விளக்கம் இருக்கிறது. அச்சமும் கையாலாகாத நினைப்பும் நீடித்தால் அவை மனிதரைத் தவறான இடத்தில் தவறான நேரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுமாம்.

இதைப் பெல்மதுளையில் இருந்துகொண்டு படித்துப் பாருங்கள். 2003 மே மாதம், பிறகு 2017 மே மாதம், இந்த மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. 2017இல் நாட்டில் செத்தவர்கள் இருநூறுக்கும் மேல். மண்ணுக்கடியில் போன கைக்குழந்தை எந்த நினைப்பை நினைத்தது? மலைச்சரிவில் வீடு கட்டத் தள்ளப்பட்டவர் யார், தள்ளியவர் யார் என்ற கேள்வி இருக்கிறது. எச்சரிக்கை உரிய நேரத்தில் உரிய மொழியில் வந்ததா என்ற கேள்வியும் இருக்கிறது. 'உன் எண்ணம்' என்ற ஒற்றைச் சொல் இரண்டையும் துடைத்துவிடுகிறது.

சரித்திரத்தையும் இப்படியே துடைக்கலாம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு இலட்சம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். இத்தனை இலட்சம் மனங்கள் ஆயிரக்கணக்குப் பிசகாமல் இப்படிப் பிரிந்து நினைத்தனவா? 1981 ஆகஸ்டில் இனவன்செயலின்போது இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. சட்டிபானையோடு வவுனியா பக்கம் போன குடும்பங்கள் எதைக் 'கவர்ந்து' கொண்டன? பதில் சொல்லக் கூசுகிறதென்றால் அந்தத் தத்துவத்தைச் சொல்லவும் கூச வேண்டும்.

சமீபத்தில் ஒரு பிள்ளை தன் கொப்பியைக் காட்டினாள். உயர்தரம் எழுதப் போகிறவள், அம்மா இறப்பர் பால் வெட்டுகிறாள். 'நான் மூன்று ஏ எடுத்துவிட்டேன், நன்றி பிரபஞ்சமே' என்று காலையில் மூன்று தடவை, பகலில் ஆறு தடவை, இரவில் ஒன்பது தடவை, பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அழகான கையெழுத்து. இந்த மூன்று ஆறு ஒன்பது நிக்கோலா டெஸ்லா கண்டுபிடித்த ரகசியம் என்று வீடியோவில் சொன்னார்களாம். டெஸ்லா 1943இல் நியூயோர்க் ஹோட்டல் அறையொன்றில் கடனாளியாகத்தான் செத்தார், அதை வீடியோவில் சொல்லவில்லை. "பாடத்துக்கு டீச்சர் இருக்காங்களாம்மா?" என்று கேட்டேன். இரண்டாம் தவணையிலிருந்து இல்லை. "அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதலாமே" என்றேன். "நெகட்டிவா பேசாதீங்க மாமா, பிரபஞ்சம் கேட்டுக்கிட்டு இருக்கு" என்றாள். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டிய கடிதம் கொப்பியில் நூறு தடவை வேறு முகவரிக்கு எழுதப்பட்டிருக்கிறது. பெறுபேறு சரியாக வராவிட்டால் அவள் டீச்சர் இல்லாததை நினைக்கமாட்டாள், தான் சந்தேகப்பட்டதால்தான் இப்படி ஆனது என்று அழுவாள்.

எங்கள் பாட்டிமார் எதற்கெடுத்தாலும் 'தலையெழுத்து' என்றார்கள். அதைக் கேட்டு இளவயதில் எனக்குக் கோபம் வரும். இப்போது யோசித்தால் தலையெழுத்தில் கொஞ்சம் கருணை இருந்தது. எழுதினவன் பிரமன், பழியும் அவனுக்கு. பட்டினி கிடந்தவள் பிரமனைத் திட்டலாம், மாரியம்மனோடு சண்டை போடலாம், பக்கத்துக் காம்பராக்காரி வந்து 'நீ என்னடி செய்வே' என்று தோளைத் தொடலாம். புதிய தத்துவத்தில் இது ஒன்றும் கிடையாது. எழுதினவளும் நீ, அனுபவிப்பவளும் நீ. உன்னிடம் துக்கம் விசாரிக்க வருகிறவனும் உன்னிடம் என்ன பிழை என்றுதான் பார்ப்பான்.

நம் அயலவர்களின் சமயத்தில் கர்மம் என்று இதைத்தானே சொல்கிறார்கள் என்று சிலர் ஆதாரம் காட்டுகிறார்கள். அதுவும் அரைகுறைப் பேச்சு. 1860களில் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் முன்னிற்கப் பிக்குகள் கூடித் திரிபிடகத்தைப் பிழைதிருத்திய ஊர் இதே பெல்மதுளை. அந்தத் திரிபிடகத்தின் சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற பரிவிராஜகன் புத்தரிடம் கேட்கிறான்: மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்செய்த வினையால்தான் என்கிறார்களே, உண்மையா? பித்தத்தால் வருவது உண்டு, சிலேத்துமத்தால் வருவது உண்டு, வாயுவால், பருவ மாற்றத்தால், பிறர் தாக்குவதால் வருவதும் உண்டு என்று எட்டுக் காரணம் அடுக்குகிறார் புத்தர். வினை அந்த எட்டில் ஒன்று. எல்லாம் வினையே என்பவர்கள் கண்ணால் கண்டதையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. 2,500 வருடத்துக்கு முன்பே தெளிந்த விஷயத்தில் நாம் வீடியோ பார்த்துக் குழம்பிக் கிடக்கிறோம்.

தமிழில் ஆதாரம் காட்டுகிறவர்கள் வ.உ. சிதம்பரம்பிள்ளையைக் கூப்பிடுவார்கள். ஜேம்ஸ் அலன் 1903இல் எழுதிய நூலை அவர் சிறைவாச காலத்தில் 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கியது உண்மை. ஆனால் அதற்கு முன் 1908 பெப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவரும் அவர்தான். நல்லதை நினையுங்கள், கூலி தானாக உயரும் என்று அங்கே அவர் உபதேசம் செய்யவில்லை. மேடை போட்டுப் பேசினார், ஊரைத் திரட்டினார், மில்காரன் இறங்கி வந்தான். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு அவர் விட்ட சுதேசிக் கப்பல் நொடித்துப்போனது எண்ணம் பலவீனமாக இருந்ததாலா? வெள்ளைக்காரக் கம்பனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது, அரசாங்கம் இராஜத்துரோக வழக்குப் போட்டு 40 ஆண்டுத் தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். 1912இன் கடைசியில் வெளியே வந்தபோது வக்கீல் தொழில் செய்ய அனுமதி இல்லை, வீட்டில் வறுமை. அவரைவிட உறுதியான மனம் தமிழில் யாருக்கு இருந்தது? அவர் வாழ்வு மனம் போல அமையவில்லை.

நம்பிக்கையே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பார்கள். வேண்டும். கப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் எழுதிய ஆய்வு இதைப் பிரித்துக் காட்டுகிறது. வேலை கிடைக்கும் என்று தம் நிலைமையை எடைபோட்டு எதிர்பார்த்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். வேலை கிடைத்துவிட்டதாகவே கற்பனையில் மிதந்தவர்களுக்கு அழைப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. காரணம் எளிது: கற்பனையிலேயே சாப்பிட்டு முடித்தவனுக்குப் பசி இருக்காது, அவன் விண்ணப்பம் அனுப்பமாட்டான்.

தோட்டத் தொழிலாளர்களின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் அந்தக் கோரிக்கை எழுந்தது. அன்றிலிருந்து பிரட்டுக் களத்தில் நின்ற ஒவ்வொருவரும் அந்த ஆயிரத்தைத் தினமும் நினைத்தார்கள். 2016 ஒப்பந்தத்தில் 730 ரூபாய்தான் வந்தது. சத்தியாக்கிரகம், வேலைநிறுத்தம், வீதி மறியல் எல்லாம் நடந்து, கடைசியில் சம்பளச் சபை தீர்மானித்து, 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்த பிறகுதான் ஆயிரம் வந்தது. அதற்குள் அரிசி விலை எங்கோ போய்விட்டது. வந்த ஆயிரத்தையும் கிலோக் கணக்குப் போட்டு 'அரைப்பேர்', அதாவது அரைநாள் சம்பளம், ஆக்கியவர்கள் இருக்கிறார்கள். பால் வெட்டுகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: பட்டை நனைந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. மழை கொட்டுகிற இந்த மாவட்டத்தில் வேலை நாளைத் தீர்மானிப்பது வானம், சம்பளத்தைத் தீர்மானிப்பது கம்பனியும் சம்பளச் சபையும். தோட்டத்து மக்களுக்கு 'உன் வறுமை உன் எண்ணம்' என்ற போதனை பரவினால் யாருக்கு நிம்மதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே டவுனில் மண்டபம் எடுத்து இளைஞருக்கு 'மனசக்தி' கூட்டம் நடத்துகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குத் தொழில் திணைக்களத்திலிருந்து ஓர் அதிகாரியைக் கூப்பிடுங்கள். சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தம் பெயரில் அது ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று பார்ப்பது எப்படி, கட்டாவிட்டால் யாரிடம் முறையிடுவது என்று அவர் சொல்லிக் கொடுக்கட்டும். ஆட்களைக் கூட்டிவருவது என் பொறுப்பு.