மறைப்பது மானமன்று: மனநல மருத்துவரிடம் முதன்முறை செல்லும் முன்



வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றால் தெருவே அறியும். எந்த மருத்துவரிடம் போகலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதே வீட்டில் ஒருவருடைய மனம் நோயுற்றால் வாசற்கதவு சாத்தப்படுகிறது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் தொடங்கி அறந்தாங்கி, புதுக்கோட்டை வரை நமது ஜமாஅத்துகளில் காணும் நிலை இதுதான். இந்தக் கதவடைப்புக்கு நமது சமுதாயம் 'குடும்ப மானம்' என்று பெயர் சூட்டியிருக்கிறது. அந்தப் பெயர் பொய் என்கிறோம்.

பைபோலார் எனப்படும் இருமுனை மனநோயையே எடுத்துக்கொள்வோம். சில காலம் மனம் உச்சத்தில் பறக்கும்: உறக்கம் தேவைப்படாது, பேச்சு ஓயாது, கடன் வாங்கியேனும் கை செலவழிக்கும், தாம் இறைவனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற எண்ணம்கூடச் சிலருக்கு எழும். பிறகு மனம் பாதாளத்தில் விழும்: படுக்கையை விட்டு எழ முடியாது, உணவு வெறுக்கும், வாழ்வே வேண்டாம் என்று தோன்றும். பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்கும் நோய் இது. நம் பிள்ளைகள் சபர் புறப்படுவதும் அவர்களுக்கு நிக்காஹ் பேசுவதும் அந்த வயதில்தான். ஆகவேதான் மறைக்கிறார்கள். உச்சத்தில் இருந்தால் 'ஜின் பிடித்திருக்கிறது' என்கிறார்கள்; தாழ்வில் இருந்தால் 'ஈமான் பலவீனம்' என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நோய் முற்றுகிறது.

மறைப்பின் முடிவு என்ன என்பதை நமது கடற்கரையே கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. அவர்களைச் சங்கிலியில் கட்டியவர்கள் காப்பகத்தார். ஆனால் அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பலர் உறவினர்கள். சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று அறியாமலும், ஊர் அறிந்துவிடுமோ என்று அஞ்சியும் விட்டவர்கள் அவர்கள்.

அதன் பிறகும் நமது மேடைகளில் ஒலிப்பது என்ன? தர்காவுக்குச் செல்வது ஆகுமா, ஆகாதா என்ற விவாதம். அது மார்க்கச் சட்ட வாதமாக நடக்கட்டும். ஆனால், 'நேர்ச்சை செய்தால் போதும்' என்று அனுப்புகிறவரும், 'ஈமானை வலுப்படுத்தினால் போதும்' என்று அனுப்புகிறவரும் நோயாளியை ஒரே இடத்தில்தான் நிறுத்துகிறார்கள்: மருத்துவமனை வாசலுக்கு வெளியே. ஏர்வாடி தர்காவிலேயே பின்னாளில் துஆவோடு மருந்தும் சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. தர்கா ஏற்றுக்கொண்ட மருத்துவத்தை ஏற்க நம் வீடுகளுக்கு என்ன தடை?

மார்க்கம் தடையாக நிற்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். சித்தம் தெளியும்வரை சித்தம் கலங்கியவர்மீது குற்றம் எழுதப்படாது என்பதும் ஹதீஸில் உள்ளதே. கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, வெளிப்படையான காரணமின்றி உடலிலிருந்தே எழும் துயரம் உண்டு என்று அன்றே எழுதினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பிரிவு இருந்தது. நமது முன்னோர் மறைக்கவில்லை, மருத்துவம் செய்தார்கள்.

மறைப்பு மிகப்பெரிய கேடு விளைவிக்கும் இடம் மருத்துவரின் அறை. தாழ்வில் இருக்கும்போது அழைத்துச் செல்லும் குடும்பம், 'சோர்வாக இருக்கிறார்' என்று மட்டும் சொல்லி, உறங்காத இரவுகளையும் வீண் செலவுகளையும் விழுங்கிவிடுகிறது. மருத்துவர் அதை வெறும் மனச்சோர்வு என்று கருத நேரிடும். மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுத்தால் இருமுனை நோயாளி சிலருக்கு மனம் மீண்டும் உச்சத்துக்குத் தாவிவிடும். சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் சிகிச்சையையே திசைமாற்றுகிறது.

எனவே, முதல் சந்திப்புக்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். நோய் எந்த வயதில் தொடங்கியது, உச்சம் எத்தனை நாள் நீடித்தது, தாழ்வு எத்தனை நாள், உறக்கம் எவ்வளவு, இதற்குமுன் உண்ட மருந்துகள் எவை, இரத்த உறவில் எவருக்கேனும் இந்நோய் உண்டா, உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்ததா என எல்லாவற்றையும் குறியுங்கள். வேறு காரணம் சொல்லி ஏமாற்றி அழைத்துச் செல்லாதீர்கள். மருத்துவரிடம் நோயாளி தனியே பேச இடம் கொடுங்கள். வாப்பாவும் காக்காவும் மட்டும் சென்றால் போதாது; இரவில் அவர் உறங்கினாரா என்பதை அறிந்த மனைவியோ உம்மாவோ உடன் செல்லவேண்டும். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவரே; உளவியல் ஆலோசனை மருந்துக்குத் துணையே அன்றி மாற்று அன்று.

ரமலானைப் பற்றியும் கேளுங்கள். லித்தியம் உண்பவருக்கு உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாக உயரக்கூடும். உறக்கம் கெட்டாலே உச்சநிலை தூண்டப்படலாம். நோயாளிக்கு வேறு நாட்களில் நோன்பை நிறைவு செய்யும் சலுகையைக் குர்ஆனே வழங்கியிருக்கிறது. திருமணமாகவிருக்கும் பெண் அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். வால்புரோயேட் போன்ற மருந்து கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். தாமாக எந்த மருந்தையும் நிறுத்தக்கூடாது.

'வெளியே தெரிந்துவிடுமே' என்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்கக் கட்டளையிடுகிறது. சங்கிலியிடுவதை அறவே தடை செய்கிறது. 'நிக்காஹ் நின்றுவிடுமே' என்பார்கள். மறைத்து முடிக்கும் நிக்காஹ் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். அங்கே போனபின் மருந்தை ஒளித்து உண்ணவேண்டும், அல்லது நிறுத்தவேண்டும். நிறுத்தினால் நோய் திரும்பும். எதை மறைத்தார்களோ அதுவே ஊரறிய வெடிக்கும்.

மாவட்ட மனநலத் திட்டமும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. டெலி மானஸ் எண் 14416இல் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் இருந்தால் சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவேண்டும். நமது ஆலிம்களிடம் நாம் கேட்பது ஒன்றே: ஒரு ஜும்ஆ உரையில், 'இது நோய், மருத்துவரிடம் செல்லுங்கள்' என்று மிம்பரிலிருந்து சொல்லுங்கள். அந்த ஒரு சொல் பல வீட்டுக் கதவுகளைத் திறக்கும்.

நோயைத் தந்தவனும் நிவாரணத்தைப் படைத்தவனும் ஆகிய வல்ல அல்லாஹ், அதைத் தேடிச் செல்லும் துணிவை நம் குடும்பங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.