கழுகுக்குச் சோறும் காற்றுக்குக் கணக்கும்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் போகிற வழியில் திருக்கழுக்குன்றத்து மலை இருக்கிறது. அதன்மேல் தினம் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து இறங்கும். குருக்கள் சோறு வைப்பார். சாபம் பெற்ற முனிவர்களென்று பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். 1990களுக்குப் பின் அவை வருவதில்லை. "கலி முற்றிவிட்டது" என்று அதற்கும் ஒரு காரணம் தயாராயிருக்கிறது!

நிற்க. இத்தனை காலம் அண்ணாந்து பார்த்த கூட்டத்தில், சிறகை அசைக்காமலே கழுகு எப்படி உயர ஏறுகிறதென்று ஒருவராவது கேட்டதுண்டா? வெயிலில் பாறை சூடேறினால் அதன்மேலுள்ள காற்றும் சூடேறி மேலெழும். கழுகு அதன்மேல் ஏறிக்கொள்ளும். சோறு கிடைக்கும் நேரமோ காக்கைக்கும் தெரியும். இதில் முனிவருக்கு என்ன வேலை? மாமல்லபுரத்துக் கட்டுமரக்காரருக்குக் காற்றின் குணம் தெரியும். அவரை எந்தச் சாஸ்திரியும் போய்க் கேட்டதில்லை.

கேட்டு அளந்து பார்த்த ஒருவர் சதீஷ் தவான். 1920இல் ஸ்ரீநகரில் பிறந்தவர். காற்று ஓடும் விதத்தை ஆராய்வதே அவர் தொழில். தகட்டின்மேல் ஓடும் காற்று அதை எவ்வளவு இழுக்கிறதென்று ஊகிக்காமல், தகட்டில் ஒரு சிறு துண்டைத் தனியே அசையவிட்டு அந்த இழுப்பை நேராகவே அளந்தார். 1951இல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்து, ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் சுரங்கத்தைக் கட்டினார். பறவை பறக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார்.

1972 முதல் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அவரே தலைவர். நமது கரைக்கு வடக்கே, பழவேற்காட்டை அடுத்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி விட்ட ராக்கெட் கடலில் விழுந்தது. ராகுகாலம் என்றாரா? திருஷ்டி கழித்தாரா? பத்திரிகைக்காரர் முன் வந்து, பொறுப்பு தம்முடையதென்றார். குற்றம் ஒரு வால்வில் என்று கண்டுபிடித்தார்கள். 1980 ஜூலை 18இல் 35 கிலோ ரோகிணி வானேறியது. அன்று பேசும்படி அப்துல் கலாமை முன்னே அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொண்டார். பெரிய மனிதரென்று நாம் சொல்வது இவரைத்தான்.

2002 முதல் அவ்விடத்துக்கு அவர் பெயரே வழங்குகிறது. அப்படியிருக்க, 2023 ஜூலையில் சந்திரயான் 3 அங்கிருந்து புறப்படுமுன், விஞ்ஞானிகள் சிலர் அதன் சிறு மாதிரியை ஏந்திக்கொண்டு திருப்பதிக்குப் போனார்கள். தனி மனிதரின் பக்தி அவரவர் வீட்டு விஷயம். ராக்கெட்டோ நமது வரிப்பணம். வால்வு கசிந்தால் ஏழுமலையான் அடைப்பாரானால் பரிசோதனைச் சாலை எதற்கு? கழுகுக்கு வைத்த சோற்றுக்கும் சாமிக்குக் காட்டிய மாதிரிக்கும் என்ன வித்தியாசமென்று அவர்களையே கேட்கின்றோம்.